பாலக்காட்டுக் கணவாயின் தெற்கே ஒரு புதிய ஊசித்தட்டான்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு இரயிலில் செல்வோர், வாளையாற்றை நெருங்கும்போது முகத்தில் வந்து மோதும் காற்றை அறிவர். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கும் இடம் அது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. மனிதருக்கும் சரக்கு லாரிகளுக்கும் வழியாக விளங்கும் இக்கணவாய், மலைநிழலில் மட்டுமே வாழத் தெரிந்த சிற்றுயிர்களுக்கு ஒரு சுவர். வெயில் காயும் சமவெளியைக் கடந்து மறுகரை சேர அவற்றால் இயல்வதில்லை.

அத்தகைய உயிர்களுள் ஒன்று 2022-ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை பரந்து கிடக்கும் ஆனைமலைத் தொடரில் கண்டறியப்பட்ட அந்த ஊசித்தட்டானுக்குப் 'புரோட்டோஸ்டிக்டா ஆனமலைக்கா' என்று பெயர். கலேஷ் சதாசிவன், வினயன் பி. நாயர், கே. ஆபிரகாம் சாமுவேல் ஆகிய மூவரும் அதனை விவரித்தனர். அவர்களது கட்டுரை, நம் கோயம்புத்தூரிலிருந்து வெளிவரும் 'ஜர்னல் ஆஃப் திரெட்டன்ட் டாக்ஸா' என்னும் ஆய்விதழில் வெளியாயிற்று.

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று கணிக்கும் நம் ஊர்களில், ஊசித்தட்டானையும் அதனோடு சேர்த்தே எண்ணிவிடுகிறோம். அமரும்போது தட்டான் சிறகுகளை விரித்து வைக்கும். ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை முதுகின்மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும். உடல் உண்மையிலேயே ஊசி போன்றது. ஆனைமலையில் கிடைத்தது இன்னும் மெலிந்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. ஓடையோரத்து இருட்டில், தாழ்ந்த இலைகளைப் பற்றிக்கொண்டு அசையாது தொங்கும். அருகில் நின்றாலும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

'கண்டுபிடிப்பு' என்னும் சொல் இங்கே சற்று ஏமாற்றக்கூடியது. எவரும் காணாததைத் திடீரெனக் காண்பதே கண்டுபிடிப்பு என நாம் எண்ணுகிறோம். உண்மையில் கையில் கிடைத்த பூச்சி, முன்னரே பெயர் பெற்ற வேறொன்றன்று என நிறுவுவதே பெரும்பாடு. அதற்குத் திரும்பத் திரும்ப நாட வேண்டியது எஃப். சி. ஃபிரேசரின் நூல்கள். இந்திய மருத்துவப் பணியில் இருந்த அந்த ஆங்கிலேய மருத்துவர், 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளில் இந்தியத் தும்பிகளை விவரித்துச் சென்றார். நீண்ட காலம் கடந்தும் ஆய்வாளர் மேசையிலிருந்து அவை அகலவில்லை. ஆனைமலையின் புதிய இனத்துக்கு நெருங்கிய உறவாகக் கருதப்படும் 'புரோட்டோஸ்டிக்டா சாங்குவினோஸ்டிக்மா' என்பதற்கு 1922-இல் பெயர் சூட்டியவரும் அவரே.

இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? நிறத்தை மட்டும் நம்ப இயலாது. இறந்த பூச்சியின் நிறம் மங்கிவிடும். ஆகவே ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் கீழ் ஆணின் வால் நுனியைப் பார்க்கின்றனர். அங்கே இடுக்கி போன்ற உறுப்புகள் உள்ளன. இணைசேரும்போது பெண்ணின் கழுத்துப் பகுதியை ஆண் அவற்றால் பற்றுகிறது. பூட்டுக்கேற்ற சாவி போல இனத்துக்கு இனம் அந்த வடிவம் மாறும். அதனோடு கழுத்துப் பகுதியின் குறிகளும் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பும் ஒப்பிடப்படுகின்றன. வேறுபாடு உறுதியானபின் ஒரு மாதிரி வகைமாதிரியாகக் குறிக்கப்பட்டுப் பாதுகாக்கப்படும், விவரிப்பு அச்சேறும். அதன் பின்னரே பெயர் செல்லும். வங்கியில் கையொப்பத்தை மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிடுவதை அறிந்த வாசகருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

இதில் பெயரோடு முடியாத ஒரு கவலையும் உண்டு. கேரளத்தின் தாழ்நிலச் சதுப்புகளில் வாழும் ஊசித்தட்டான்களுக்கு ஒரு குளம் தூர்ந்தால் அடுத்த வயலோ வாய்க்காலோ இருக்கக்கூடும். 1981-இல் பெயர் பெற்ற 'அக்ரியோக்னெமிஸ் கேரளென்சிஸ்' அவ்வாறான தாழ்நில இனம். மலையோடை இனத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் இளம்பருவம் முழுவதும் தண்ணீருக்குள் கழிகிறது. கரை மரங்களை வெட்டினால் வெயில் இறங்கி நீர் சூடேறும். சூடேறிய நீரில் உயிர்வளி குறையும். பூச்சிக்கொல்லி கலந்தால் சொல்லவே வேண்டாம். வடக்கே கணவாய், கீழே சமவெளி என்றிருக்க, அது போய்ச்சேர வேறிடம் ஏது? ஒரு தோட்டத்தின் ஊடே ஓடும் சிற்றோடை, பத்திரத்தில் ஒரு கோடாகக்கூட இடம்பெறாமல் இருக்கலாம். ஆனால் ஓர் இனத்தின் இருப்பு அதன் நிழலில் அடங்கியிருக்கக்கூடும்.

நெல்லியாம்பதிக்கோ மூணாறுக்கோ செல்லும் வாசகர்கள், அருவியைப் படமெடுத்த பின், பக்கத்துச் சிற்றோடையின் இருண்ட கரையில் சற்றுநேரம் அசையாது நிற்கலாம். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு, இலைநுனியில் தொங்கும் ஒரு கருங்கோடு, மெல்லச் சிறகசைத்து இடம் மாறும்.