உங்களுக்குத் தெரியுமா? கண்டாவளையின் எண் 1

கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச செயலாளர் பிரிவுகள் நான்கு: கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி. மழைக் கணக்குக்கு நிரல் எழுதுபவர் இந்த நான்கையும் ஓர் ‘எனம்’ (குறித்த சில பெயர்களை மட்டுமே ஏற்கும் தரவு வகை) ஆக அறிவித்துவிட்டால், ஐந்தாவது பெயர் ஒன்று தவறிக்கூட உள்ளே நுழையாது.

● ஜாவா நிரல்மொழியில் அந்தப் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். கண்டாவளையை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதும் தொல்லை அதோடு தீரும்.

● எனமின் எண் வரிசை 0இல் தொடங்கும். மேலுள்ள வரிசைப்படி கரைச்சி 0, கண்டாவளை 1. நான்கு இடமுள்ள ஓர் அணியில் (அர்ரே) மழையளவை வைத்தால், மழை[1] என்று எழுதி எது எந்த ஊர் என்று முழிக்காமல், மழை[கண்டாவளை] என்றே எழுத ஆசை வரும்.

● 1970இல் நிக்கிளவுஸ் விர்த் வெளியிட்ட பஸ்கால் மொழி அந்த ஆசையை நேரடியாகவே நிறைவேற்றியது. சி மொழியிலும் தடையில்லை. அங்கே எனம் பெயர் வெறும் முழு எண்தான். 2004இல் ஜாவா 5 எனமைக் கொண்டுவந்தபோது அதன் ஒவ்வொரு உறுப்பும் ஒரு பொருள் ஆனது. ஆகவே ‘ஓர்டினல்’ என்ற செயற்பாட்டை அழைத்துத்தான் எண்ணைப் பெறவேண்டும். 2011இல் வந்த சி பிளஸ் பிளஸின் ‘எனம் கிளாஸ்’ஸும் தானாக எண்ணாக மாறாது.

● ஆபத்து எங்கே? யாரோ ஒருவர், பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டுமென்று, பெயர்களை அகரவரிசையில் அடுக்குகிறார். இப்போது கண்டாவளை 0, கரைச்சி 1, பச்சிலைப்பள்ளி 2, பூநகரி 3. முன்பு 1 என்ற எண்ணில் சேமித்த கண்டாவளையின் மாரி மழை முழுதும் கரைச்சியின் கணக்கில் போய் விழும். பிழைச் செய்தி ஒன்றுகூட வராது. எண்கள் நான்குக்குள் இருப்பதால் கணினிக்கு எல்லாம் சரியே.

● மழை[கண்டாவளை] என்று எழுதும் அந்த ஆசைக்கென்றே ஜாவாவில் ‘எனம்மேப்’ இருக்கிறது. உள்ளே அதுவும் ஓர் அணிதான், வேகமும் குறையாது. ஆனால் நீங்கள் பெயரை மட்டும் கொடுத்தால் போதும், எண்ணை அது பார்த்துக்கொள்ளும். ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலில் ஜோஷுவா புளொக் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

● தரவுத்தளத்தில் எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். தரவுத்தளத்தில் பொருள்களைச் சேமிக்க உதவும் ஜாவாவின் ஜேபிஏ, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், எனமை எண்ணாகவே சேமிக்கும். ‘ஸ்ட்ரிங்’ என்று குறிப்பிட்டால்தான் கண்டாவளை என்ற பெயர் அட்டவணையில் ஏறும்.