அபராதச் சீட்டுக்கு வழக்கறிஞர் தேவையா?

சாலைகளில் வாகனங்கள் பெருகிவிட்ட இந்நாட்களில், நம் இல்லங்களுக்கு வந்து சேரும் அறிவிப்புகளுள் புதுவகையான ஒன்றும் சேர்ந்துகொண்டது. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன விதியை உங்கள் வாகனம் மீறிற்று. ஆகவே இவ்வளவு ரூபாய் செலுத்துக என்னும் செய்தி கைப்பேசியில் வந்து நிற்கிறது. 'சலான்' என்று மக்கள் இதனைச் சொல்லுகின்றனர். இதைக் கண்டதும் வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "கட்டித் தொலைத்துவிடுவோம்" என்பது ஒன்று. "ஒரு வக்கீலைப் பார்த்தால் ஒன்றுமில்லாமல் செய்துவிடுவார்" என்பது மற்றொன்று. "சாமி, இதற்கு வக்கீல் வைக்க வேண்டுமா?" என்று பங்கு இல்லத்துக்கே தாளோடு வருவோரும் உண்டு.

எல்லாச் சலானுக்கும் ஒரே விடை கூற இயலாது. எதற்குப் பணம் கட்டி அமைவது, எதற்கு வழக்கறிஞரை நாடுவது என்று பகுத்தறிதல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்றியமையாதது. ஏனெனில், சில வேளைகளில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே அந்தச் சிறு தாளில் அடங்கியிருக்கிறது.

அளவுகோல் எது?

நம்மவருள் பலர் அபராதத் தொகையைப் பார்த்தே முடிவு செய்கின்றனர். தொகை சிறிதாயின் கட்டிவிடுவர். பெரிதாயின் வக்கீலைத் தேடுவர். இது தவறான அளவுகோல். தொகையைப் பார்க்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குற்றம் உண்மையில் நடந்ததா? பணத்தோடு காரியம் முடிந்துவிடுமா? ஓட்டுநர் உரிமத்துக்கு ஆபத்து உண்டா? எவருக்கேனும் காயமோ உயிரிழப்போ நேர்ந்ததா? இந்நான்குக்கும் கிடைக்கும் விடையே வழி காட்டும்.

பணத்தோடு முடிபவை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் பெரிதும் திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அச்சட்டத்தின் 200-ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில குற்றங்களை நீதிமன்றம் செல்லாமலேயே, மாநில அரசு வகுத்த தொகையைச் செலுத்தித் தீர்த்துக்கொள்ள இடமளிக்கிறது. தமிழக அரசு இத்தொகைகளை 2022 அக்டோபரில் உயர்த்தியது. காரில் இடைவார் அணியாமை, காப்பீடு இன்றி வாகனம் ஓட்டுதல் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

குற்றம் உண்மையாக நடந்திருந்து, காரியமும் பணத்தோடு முடிவதாயின், கட்டிவிடுதலே அறிவுடைமை. ஆயிரம் ரூபாயைத் தவிர்ப்பதற்காக அதனினும் மிகுதியாக வக்கீலுக்குக் கொடுத்து, நான்கு நாள் வேலையும் இழந்து நீதிமன்ற வாயிலில் நிற்பதில் என்ன ஆதாயம்? இதில் பணத்தினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 'நீங்கள் வாரே அணியவில்லையே, அப்பா!' என்று அறிந்திருக்கும் பிள்ளை, அதே தந்தை 'நான் அணிந்திருந்தேன்' என்று சாதிப்பதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால், கட்டுமுன் ஒன்றைச் சோதித்தறிக. போலிச் சலான் செய்திகளை அனுப்பிப் பணம் பறிக்கும் கூட்டத்தார் இருக்கின்றனர். வந்த செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், அரசுத் தளத்தில் வண்டி எண்ணை இட்டுப் பார்த்த பின்னரே பணம் செலுத்துக.

பணம் கட்டினாலும் முடியாதவை

பலர் அறியாத செய்தி இதுவே. 200-ஆம் பிரிவின்படி பணம் கட்டித் தீர்த்த பின்னரும், உரிமத்தின்மீது எடுக்கப்படும் நடவடிக்கை நின்றுவிடுவதில்லை என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அதிவேகம், அபாயகரமாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், இருசக்கர வாகனத்தில் மூவர் செல்லுதல், தலைக்கவசம் அணியாமை, ஆம்புலன்சுக்கு வழிவிடாமை ஆகியவற்றில் காவலர் உரிமத்தைக் கைப்பற்றி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பலாம். தலைக்கவசக் குற்றத்துக்கு ஆயிரம் ரூபாயோடு மூன்று மாத உரிமத் தடையையும் சட்டம் குறிக்கிறது.

அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் செல்பவருக்கு மூன்று மாதம் பேருந்தில் செல்வது சிரமம், அவ்வளவே. வாடகைக் கார் ஓட்டுபவருக்கும், பள்ளி வேன் ஓட்டுபவருக்கும், லாரி ஓட்டுநருக்கும் மூன்று மாதம் என்பது அடுப்பு எரியாத மூன்று மாதம். இத்தகையோர் அபராதம் சிறிதென்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. உரிமத்தை நிறுத்துமுன் அதிகாரி உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது 19-ஆம் பிரிவின் விதி. அவர் ஆணையை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. அந்த விளக்கத்தை எழுதுவதற்கு ஒரு வழக்கறிஞரின் துணை பயன்படும்; அதற்குச் செலவிடும் பணம் வீணன்று.

குடித்துவிட்டு ஓட்டிய குற்றத்துக்கு, காவலரிடம் பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளும் வழியே சட்டத்தில் இல்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பின், முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். நீதிமன்றம் சென்றே தீரவேண்டும். சிறைத் தண்டனைக்கு இடமுள்ள எவ்வழக்கிலும் சட்டம் அறிந்த ஒருவரைக் கலந்துகொள்ளாமல் வாய் திறப்பது நன்றன்று.

பெற்றோர்களே, மற்றொன்றையும் கவனியுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுத்து, அவன் வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால், 199அ பிரிவின்படி பெற்றோரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாகனத்தின் பதிவு பன்னிரண்டு மாதம் நீக்கப்படும். பையனுக்கோ 25 வயது வரை உரிமம் கிடையாது. இதில் வழக்கறிஞர் தேவையே. ஆயினும் சாவியைக் கொடாதிருத்தல் அதனினும் எளிது.

காயம் நேர்ந்தால்

ஒருவர் காயமுற்றார் என்றால், அது சலான் அளவில் நிற்பதன்று, குற்ற வழக்காகிறது. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க ஆவன செய்தல் ஓட்டுநரின் சட்டக் கடமை. வக்கீலைத் தேடுவது அதற்குப் பின்னரே. கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது.

சிறு காயம் நேர்ந்த வழக்குகளில், "குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு, இன்றோடு முடிந்தது" என்று யோசனை சொல்வோர் நீதிமன்ற வளாகத்தில் பலர். அன்று முடிந்ததுபோலவே தோன்றும். ஆனால் அந்த ஒப்புதல், பின்னர் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சான்றாகக் காட்டப்படலாம். காப்பீடு இல்லாத வாகனமாயின், இழப்பீடு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். ஆகவே இங்கு வழக்கறிஞரைக் கேளாமல் எத்தாளிலும் கையொப்பமிடற்க. அதே வேளையில், அடிபட்டவருக்குச் சேரவேண்டியதை மறுப்பதற்காக வழக்கறிஞரைத் தேடுதல் நேர்மையாகாது. கை இழந்தவனின் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு.

செய்யாத குற்றமாயின்

உங்கள் வண்டி எண்ணைப் பிறர் பயன்படுத்தியிருக்கலாம். படக்கருவி எண்ணைப் பிழையாகப் படித்திருக்கலாம். சலானிலுள்ள படம், நாள், இடம் ஆகியவற்றைப் பார்த்து, அரசுத் தளத்திலேயே முறையீடு செய்யலாம். வழக்கு நீதிமன்றம் சென்றாலும், நேரிலோ வழக்கறிஞர் மூலமாகவோ வரலாம் என்று சட்டத்தின் 208-ஆம் பிரிவே கூறுகிறது. சிறு வழக்கில் ஆவணங்களோடு நேரில் சென்று, நடுவரிடம் உண்மையைத் தெளிவாகச் சொல்ல எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

பழைய வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாதவர்க்கு இத்துணை எளிதன்று. பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இவர்கள் வழக்கறிஞரைக் காணுதல் நலம்.

பணமில்லாதார்க்கும் வழியுண்டு

வழக்கறிஞருக்குக் கொடுக்க இயலாதவர் கைவிடப்பட்டவர் அல்லர். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளோர், வரையறுத்த வருமானத்துக்குக் குறைந்தோர் முதலியோருக்குக் கட்டணமின்றிச் சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

கட்டணம் கொடுத்து அமர்த்துவோர், மொத்தக் கட்டணம் எவ்வளவு, எத்தனை முறை வரவேண்டியிருக்கும், இயல்பாக என்ன முடிவு எதிர்பார்க்கலாம் என்று முன்னரே கேட்டறிக. "நிச்சயம் விடுவித்துவிடுவேன்" என்று உறுதி கூறுபவரினும், "இதில் நீங்கள் கட்டிவிடுவதே மேல்" என்று சொல்பவரே நம்பத்தக்கவர். "உள்ளே ஆள் இருக்கிறது, கொஞ்சம் கொடுத்தால் போதும்" என்னும் தரகரை வாயிலோடு அனுப்பிவிடுக. அவருக்குக் கொடுக்கும் பணத்துக்கு ரசீதும் இல்லை, நிம்மதியும் இல்லை. சலானோ அப்படியே இருக்கும்.

சுருங்கக் கூறின், தவறு நம்முடையதாகி, பணத்தோடு முடியுமாயின் கட்டிவிடுவோம். பிழைப்போ, விடுதலையோ, பிறர் உயிரோ, உண்மையோ பணயமாயிருப்பின், தயங்காமல் சட்டம் அறிந்தவரின் துணையை நாடுவோம். எவ்வகையாயினும், சலான் வந்த அன்றிரவே கணவனும் மனைவியும் அமர்ந்து அதை ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். மறைத்து வைத்த சலானே பிற்பாடு சம்மனாக வருகிறது.