வானொலி ஆர்கெஸ்ட்ராவும் பிளாக் மெட்டலும்

நார்வே வானொலிக்கு 1946 முதல் சொந்த ஆர்கெஸ்ட்ரா உண்டு. 2011 மே மாதம் ஓஸ்லோவின் ஸ்பெக்ட்ரம் அரங்கில் அந்தக் கலைஞர்கள் வயலினும் செல்லோவுமாக அமர்ந்தார்கள். அவர்களோடு மேடையேறியது, முகத்தில் சாயம் பூசிய பிளாக் மெட்டல் குழுவான டிம்மு போர்கிர்!

பிளாக் மெட்டல் கித்தாரில் ஒரே சுரத்தை இடைவிடாமல், அதிவேகமாக மீட்டுவார்கள். வயலின்காரர்கள் வில்லை வேகமாக முன்னும் பின்னும் இழுத்து எழுப்பும் அதிர்வும் கிட்டத்தட்ட அதே உத்திதான். அதனால் இரண்டும் இயல்பாகவே இணைகின்றன. இவற்றுக்கு மேலே ‘ஸ்கோலா கான்டோரும்’ என்ற பாடகர் குழுவின் குரல்கள் எழும்போது அரங்கமே கோயில்போல் முழங்குகிறது. அந்த இரவின் பதிவு 2017-ல் வெளியானது. அவசியம் கேட்க வேண்டியது.

செவ்வியல் இசையோடு கைகோர்த்தது பிளாக் மெட்டல் மட்டுமல்ல. இண்டஸ்ட்ரியல் இசைக்குப் பேர்போன ஸ்லோவேனியாவின் லைபாக் குழு, 2008-ல் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் ‘ஆர்ட் ஆஃப் ஃபியூக்’ படைப்பை மின்னணு ஒலியில் வார்த்தது. எந்த வாத்தியத்தில் வாசிக்க வேண்டும் என்று பாக் அதில் குறிப்பிடவே இல்லை.