இப்பவா, அப்புறமா? ஃபங்ஷனை பாராமீட்டரா அனுப்புவது

ரமணாசிரமம் பக்கத்துல, செங்கம் ரோட்டுல இருந்து பேசுறேன். கேம் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்குறவங்க "கோடிங் நமக்கு வராது"ன்னு விட்டுட்டுப் போற ஒரு இடம் உண்டு: ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனுக்கு பாராமீட்டரா அனுப்புறது. இன்னைக்கு அதைப் பார்ப்போம்.

நம்ம ஊர் கிரிவலத்தையே ரோப்ளாக்ஸில் கேமா செய்றோம்னு வச்சுக்கோங்க. 14 கிலோமீட்டர் பாதை, இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். ஆட்டக்காரர் ஒவ்வொரு லிங்கத்தின் வாசலைத் தொடும்போதும் அங்கே விளக்கு எரியணும்.

ரோப்ளாக்ஸின் மொழி லுவாவ். 1993ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த லுவாவிலிருந்து வந்தது. லுவாவில் ஃபங்ஷனும் ஒரு மதிப்புதான். எண்ணை ஒரு வேரியபிளில் வைக்கிற மாதிரி ஃபங்ஷனையும் வைக்கலாம், இன்னொருத்தர் கையில் கொடுக்கலாம்.

'விளக்கேற்று'ன்னு ஒரு ஃபங்ஷன் எழுதியாச்சு. வாசலின் 'டச்டு' ஈவென்ட்டில் இருக்கிற 'கனெக்ட்'டுக்கு அந்தப் பெயரை மட்டும் கொடுத்தா, "யாராவது தொட்டா இதைச் செய்"னு சொல்லி வைக்கிறோம். பெயருக்குப் பின்னால அடைப்புக்குறி போட்டு 'விளக்கேற்று()'ன்னு கொடுத்தா, அந்த வரி ஓடும்போதே விளக்கு எரிஞ்சிடும். ஃபங்ஷன் எதையாவது திருப்பித் தந்தா அதுதான் கனெக்டுக்குப் போகும். இங்கே எதுவும் தரல, அதனால எரர். ஆள் நடக்கத் தொடங்கும் முன்னாடியே முதல் விளக்கு எரிஞ்சு, ஸ்கிரிப்ட் அங்கேயே நின்னுடும்.

மாஸ்டர்கிட்ட "ஆள் வந்ததும் தோசை ஊத்துங்க"ன்னு சொல்றது வேற. இப்பவே ஊத்தச் சொல்லி, ஆறின தோசையோட காத்திருக்கிறது வேற.

சரி, எந்த லிங்கத்தின் விளக்குன்னு சொல்லணுமே? 'விளக்கேற்று("யம லிங்கம்")'னு எழுதினா மறுபடியும் அடைப்புக்குறி வந்துடுது. வழி இதுதான்: அந்த வரியைப் பெயரில்லாத ஒரு ஃபங்ஷனுக்குள்ள போட்டு மூடி, அந்த வெளி ஃபங்ஷனைக் கனெக்டுக்குக் கொடுங்க. யாராவது தொடும்போது வெளி ஃபங்ஷன் ஓடும்; அப்பதான் உள்ளே இருக்கிற வரியும் ஓடும்.

இதையே ஒரு 'ஃபார்' லூப்பில் எட்டு தடவை செய்யலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் லூப் வேரியபிள் புதுசா பிறக்குது. அதனால அக்னி லிங்கத்துக்குக் கொடுத்த ஃபங்ஷன் அக்னியையே நினைவில் வச்சிருக்கும், யமனோட குழம்பாது. இதுக்குப் பேர்தான் 'க்ளோஷர்'.

இன்னொண்ணு. தொட்டது எந்தப் பாகம்னு ரோப்ளாக்ஸே நம்ம ஃபங்ஷனுக்கு பாராமீட்டரா தரும். கூப்பிடுறவர்தான் அதை நிரப்புவார். நாம பெறுவதற்கு ஒரு பெயர் வச்சிருந்தா போதும்.

வரிசைப்படுத்துற 'டேபிள் சார்ட்', நேரம் கழிச்சு ஓட்டுற 'டாஸ்க் டிலே' எல்லாத்துக்கும் இதே கணக்குதான். அடைப்புக்குறி போடும் முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: இந்த வேலை இப்பவே நடக்கணுமா, அப்புறமா?