கைபடாக் கதவுகள் யாருக்குத் திறக்கின்றன?

2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுப் பரவிய வேளை, எமது கடைவாயில்களில் காலால் மிதித்து நீரை வரவழைக்கும் கைகழுவும் தொட்டிகள் தோன்றின. வெளிநாடுகளில் பாதத்தால் இழுத்துத் திறக்கும் உலோகத் தகடுகள் கதவுகளின் அடிப்புறத்தில் பொருத்தப்பட்டன. நோக்கம் நல்லதே. ஆயினும், சக்கர நாற்காலியில் வருபவர் எப்படி மிதிப்பார்? இரு ஊன்றுகோல்களில் உடற்பாரத்தைத் தாங்கி நிற்பவர் காலைத் தூக்கினால் விழுந்துவிட மாட்டாரா? கையின் வேலையைக் காலுக்கு மாற்றுவது எல்லோருக்குமான வசதியாகிவிடாது.

தானியங்கிக் கதவே இதற்குச் சிறந்த மாற்றாகும். ஆள் வருவதை உணர்கருவி அறிந்து கதவைத் திறக்கும். அல்லது சுவரில் தாழ்வாகப் பொருத்தப்பட்ட அகன்ற பொத்தானை முழங்கையால் அழுத்தினாலும் போதும். இதிலும் கவனிக்க வேண்டியவை உள. மெதுவாக நகர்பவர் கடக்கும் முன் கதவு மூடிக்கொள்ளலாகாது. ஓசையின்றித் தம்மை நோக்கி விரியும் கதவு பார்வையற்றோருக்கு ஆபத்தானது. பக்கவாட்டில் நகரும் கதவே நன்று. மின்சாரம் தடைப்பட்டாலும் அதனை இலகுவாகத் தள்ளித் திறக்கக் கூடியதாயிருத்தல் வேண்டும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதனை விளக்கத் தேவையில்லை.

தானியங்கிக் கதவுக்குப் பணமில்லையெனக் கூறுவோரும் உருண்டைக் குமிழை அகற்றி, அழுத்தித் திறக்கும் நீண்ட கைப்பிடியைப் பொருத்தலாம். கதவை மூடும் வில்லின் இறுக்கத்தையும் தளர்த்தலாம். அமெரிக்க நியமங்களின்படி உட்புறக் கதவொன்றைத் திறக்க ஐந்து இறாத்தல் விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது; திறந்த வழி 32 அங்குலமாவது இருத்தல் வேண்டும்.

எமது நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அணுகும் வசதி தொடர்பான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாயின. அவை ஏட்டிலேயே கிடந்தமையால், சக்கர நாற்காலியிலிருந்தே போராடிய கலாநிதி அஜித் சி.எஸ். பெரேரா உயர் நீதிமன்றத்தை நாடினார். புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைய வேண்டுமென 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர் 2020இல் காலமானார். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமானவர்களில் 8.7 வீதமானோர் ஏதேனும் இயலாமையுடன் வாழ்பவர்கள். முதுமையில் இந்த வரிசையில் சேரவிருப்போர் இன்னும் பலர்.

கடுகண்ணாவை போன்ற மலைப்பாங்கான ஊர்களில் கதவுக்கு முன்பே படி வந்துவிடுகிறது. கண்டி வீதியின் சரிவில் கட்டப்படும் கடைகளுக்கு இரண்டு மூன்று படிகளேனும் அமைவது வழமை. படி ஏற முடியாதவருக்கு அதன் மேலுள்ள கதவு தானாகத் திறந்தென்ன, திறக்காவிட்டாலென்ன? சாய்தளமே முதல் தேவை. அதன் உச்சியில் கதவுக்கு முன்னால் சக்கர நாற்காலி நின்று திரும்பச் சமதளமும் வேண்டும். வங்கி, வைத்தியசாலை, பள்ளிவாசல், கோவில் எதுவாயினும் கணக்கு ஒன்றே. கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் வேளையிலேயே உள்ளூராட்சி அதிகாரிகள் வாயிலின் அகலத்தையும் சரிவின் அளவையும் பரிசீலிப்பார்களாயின், பின்னர் இடித்துக் கட்டும் செலவு மிஞ்சும்.