தூண் தூணாக விலை போன அரண்மனை வீடுகள்! ராத்தங்க ஆள் வந்ததால் சில வீடுகள் தப்பின!

சேலத்தில் ஏற்காடு ரோட்டு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த வளைவைத் தெரியாமல் இருக்காது. மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு!

டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டூடியோ அது. கருணாநிதி வசனம் எழுதி, எம்.ஜி.ஆர். நடித்து, 1950-ல் வெளிவந்த "மந்திரிகுமாரி" இந்த ஸ்டூடியோவின் படம்தான். இன்று ஸ்டூடியோ இல்லை. மிச்சம் நிற்பது வாசல் வளைவு மட்டும்.

பெரிய கட்டடத்தில் ஆள் நடமாட்டம் நின்று போனால் கடைசியில் என்ன ஆகும்? அதற்குச் சாட்சி தேடி சேலத்துக்காரர்கள் வெளியூர் போக வேண்டாம்.

ஆனால் ஆளில்லாத வீட்டுக்கு ஆளைக் கூட்டி வந்து உயிர் கொடுத்த கதையைப் பார்க்க வேண்டுமானால், வெளியூர்தான் போக வேண்டும். சேலத்தில் திருச்சி பஸ் ஏறி, நாமக்கல், முசிறி தாண்டி, திருச்சியில் மாறி, புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி பக்கம் போய் இறங்க வேண்டும். இருநூறு கிலோ மீட்டருக்கு மேல் பயணம்.

அதுதான் செட்டிநாடு!

கப்பலில் வந்த தேக்கு

வீடா அது? முன்வாசல் ஒரு தெருவில் இருக்கிறது. பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது! திண்ணை, முகப்பு, பட்டாலை, வளவு, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று போய்க் கொண்டே இருக்கும். தூணுக்கு பர்மா தேக்கு, தரைக்கு இத்தாலி சலவைக்கல், சுவருக்கு பெல்ஜியம் கண்ணாடி.

பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து போய், வட்டித் தொழில் செய்து சம்பாதித்த நகரத்தார் கட்டிய வீடுகள் இவை. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1940-கள் வரை எழும்பியவை.

பிறகு விழுந்தது அடி. 1930-களில் உலகம் முழுவதும் வியாபாரம் படுத்தது. 1942-ல் பர்மாவுக்குள் ஜப்பான்காரன் புகுந்தான். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்ததும் நிலங்களை அரசாங்கமே எடுத்துக் கொள்ளச் சட்டம் வந்தது. 1960-களில் மிச்சமிருந்த தொழிலும் போயிற்று.

வருமானம் நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போனார்கள். வீட்டுக்குப் பூட்டு விழுந்தது.

கொலையாளி இல்லாத கொலை!

பூட்டிய வீட்டை முதலில் கொல்வது மழை. நாட்டு ஓட்டுக் கூரையை அவ்வப்போது பிரித்து மாற்ற வேண்டும். ஒரு ஓடு விலகினால் போதும், தண்ணீர் உத்தரத்தில் இறங்கும். உத்தரம் உளுத்தால் சுவரும் சாயும்.

சரி, ரிப்பேர் செய்யலாமே என்றால், யார் செய்வது? தாத்தா கட்டிய வீட்டுக்குப் பேரன், கொள்ளுப்பேரன் என்று பங்காளிகள் பெருகி விட்டார்கள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். "நான் மட்டும் எதுக்குச் செலவு பண்ணணும்?" என்று ஆளாளுக்குக் கேட்டால் கூரை காத்திருக்குமா?

கடைசியில் வீட்டைப் பிரித்து விற்பதுதான் வழி என்று முடிவாகிறது. தூண் தனி, கதவு தனி, நிலை தனி, கண்ணாடி தனி! காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்த முகப்பின் தூண், அந்த மாதிரிக் கடைகள் வழியாக எங்கோ ஒரு புது பங்களாவுக்குப் போய்ச் சேர்கிறது.

இது திருட்டு அல்ல. சொந்தக்காரர்களே விற்றது. போலீசில் புகார் கொடுக்கவும் ஆள் கிடையாது. கொலையாளி இல்லாத கொலை என்றுதான் சொல்ல வேண்டும்!

விளக்கு எரிந்த வீடுகள்

இந்த நிலையில்தான் சிலருக்கு யோசனை பிறந்தது. "வீட்டை ஏன் பிரிக்கணும்? ராத்தங்க ஆள் வந்தா வாடகை வருமே!"

காரைக்குடியில் "தி பங்களா" என்ற கட்டடம், ஒரு காலத்தில் கிளப்பாக இருந்தது. 1990-களின் கடைசியில் அது விருந்தினர் தங்கும் ஓட்டல் ஆனது. முன்னின்று நடத்தியவர் அந்தக் குடும்பத்துப் பெண்மணி மீனாட்சி மெய்யப்பன்.

கானாடுகாத்தானில் "விசாலம்" இருக்கிறது. மகள் விசாலாட்சிக்காகத் தகப்பனார் கட்டிய வீடு. ஆண் வாரிசுக்கே வீடு என்றிருந்த காலத்தில் பெண் பிள்ளைக்காக எழுந்தது! இன்று கேரளத்து ஓட்டல் கம்பெனி ஒன்று அதை நடத்துகிறது. கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் ஓட்டலாகி இருக்கிறது. கொத்தமங்கலத்தில் சாரதா விலாசை பிரெஞ்சு நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் செப்பனிட்டு ஓட்டல் ஆக்கினார்கள்.

படுக்க அறை எங்கே?

வேலை லேசாக முடியவில்லை. அந்தக் காலத்து வீட்டில் வளவைச் சுற்றி இருந்த அறைகள் பெரும்பாலும் சாமான் வைக்கவும் சாமி கும்பிடவும்தான். ஆட்கள் படுத்தது பட்டாலையிலும் தாழ்வாரத்திலும். காசு கொடுக்கிற விருந்தாளியை அங்கே படுக்கச் சொல்ல முடியுமா? அறைக்கு அறை குளியலறை கட்ட வேண்டும். பழைய சுவருக்குள் தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் போக வேண்டும்.

அதனால் பலருக்குப் பிழைப்பு கிடைத்தது. சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்து, சுவரைக் கண்ணாடி போல் இழைக்கத் தெரிந்த கொத்தனாருக்கு மறுபடி வேலை வந்தது. ஆத்தங்குடி கல் போடுகிறவர்களுக்கும் வந்தது. அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்து, வெயிலில் காய வைப்பார்கள். அத்தனையும் கைவேலை!

குமாஸ்தாவுக்கு எட்டுமா?

"ஏனுங்க, ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்குலயா?" என்று சேலத்துக்காரர் கேட்பார். நியாயம்தான். மாதச் சம்பளக்காரருக்கு இது கடிக்கிற வாடகை.

அதற்கும் வழி இருக்கிறது. "தி பங்களா"வில் தங்காமலே, முன்கூட்டிச் சொல்லி வைத்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு வரலாம். ஆத்தங்குடியில் பெரிய வீடு என்று பெயர் பெற்ற வீட்டைச் சின்னக் கட்டணம் கொடுத்துச் சுற்றிப் பார்க்கலாம். சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால்தான் தெரியும். கனத்த சுவரும், உயர்ந்த கூரையும், நடுவில் திறந்த வளவும் சேர்ந்து, மின்விசிறி இல்லாத காலத்திலேயே வீட்டைக் குளிர வைத்த ரகசியம்!

"அப்பச்சி வாழ்ந்த வீட்டுல கண்டவனும் வந்து படுக்கிறதா?" என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் அந்த அப்பச்சி வீட்டுத் தூண் கடையில் விலைக்கு நிற்பதை விடவா இது கேவலம்?

தப்பியவை கொஞ்சம்தான்

செட்டிநாட்டு ஊர்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கும் உத்தேசப் பட்டியலில் 2014-ல் சேர்த்தார்கள். ஆனால் பட்டியலில் பெயர் ஏறினால் ஓடு மாறி விடாது. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஓட்டல் ஆனவை விரல் விட்டு எண்ணக் கூடியவை. எல்லா வீட்டையும் ஓட்டல் ஆக்கவும் முடியாது. அத்தனை விருந்தாளிக்கு எங்கே போவது?

சேலம், நாமக்கல் பக்கமும் தொட்டிக்கட்டு வீடுகள் இருக்கின்றன. பண்ணையம் பார்த்த குடும்பத்துப் பிள்ளைகள் லாரி, கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை என்று போய், ரோட்டோரம் மாடி வீடு கட்டிக் கொண்டார்கள். பழைய வீட்டில் தீவன மூட்டை கிடக்கிறது. இல்லையென்றால் பூட்டு தொங்குகிறது.

ஓட்டலாக்க வேண்டும் என்பதில்லை. ஐப்பசி மழைக்கு முன் ஓட்டைப் பார்க்கலாம். பங்காளிகள் ஒரு நாள் கூடி உட்கார்ந்து பேசலாம். வீட்டில் விருந்தினரைத் தங்க வைக்கச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்து கொள்ளும் ஏற்பாடும் உண்டு. இரண்டு அறையைச் சுத்தம் செய்தால் போதும், ஆரம்பித்து விடலாம்.

வீட்டுக்குக் காவல் பூட்டு அல்ல, புழங்குகிற மனுசர்தான்.

வளைவு மட்டும் மிஞ்சினால் பஸ்ஸில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கலாம். அதற்குள் ஒரு ராத்திரி யாரும் படுத்து எழுந்திருக்க முடியாது!