மீன் இல்லாத மீன் தொட்டி

துபாயின் கராமா பகுதியில் ஒரு வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீல விளக்கு எரிகிறது. பவளங்கள் விரிந்து ஆடுகின்றன. நத்தை ஒன்று கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிறது. பாறை இடுக்கிலிருந்து ஓர் இறால் மீசையை நீட்டுகிறது. எல்லாம் இருக்கிறது, மீன் மட்டும் ஒன்றுகூட இல்லை! ஆனாலும் வீட்டுக்காரர் தினமும் விளக்குப் போடுகிறார், உப்பின் அளவைப் பார்க்கிறார், வெப்பநிலையைப் பார்க்கிறார். இப்படியே இரண்டரை மாதம்.

மீனே இல்லாத தொட்டிக்கு எதற்கு இவ்வளவு கவனிப்பு? மீன்கள் எங்கே போயின? பக்கத்து அறையில் இருக்கும் ஆஸ்பத்திரித் தொட்டிக்குப் போயிருக்கின்றன. பவளத் தொட்டிக்குள் ஒரு நோய் புகுந்துவிட்டால், அதை ஒழிக்க இப்படித்தான் செய்யவேண்டியிருக்கிறது. ஏன் என்று பார்ப்போமா, பிள்ளைகளே?

புள்ளி வைத்தது யார்?

அந்த நோயின் பெயர் வெண்புள்ளி நோய். மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக ‘இச்’ என்பார்கள். மீனின் துடுப்பிலும் உடம்பிலும் உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மீன் பாறையில் உடம்பை உரசிக்கொள்ளும், இரை எடுக்காது. செவுளுக்கும் நோய் பரவிவிட்டால் மூச்சுவிடத் திணறும். சினிமாவில் டோரியாக வந்த நீல டாங் மீனைத் தெரியும் அல்லவா? அதன் இனத்தை இந்த நோய் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்.

நோயைத் தருவது ஓர் ஒற்றைச் செல் உயிரி. பாடப் புத்தகத்தில் பாரமீசியம் படம் பார்த்திருப்பீர்கள். உடம்பைச் சுற்றி மெல்லிய குறு இழைகள் இருக்கும், அவற்றை அசைத்துத்தான் அது நீந்தும். நம்முடைய வில்லனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். பெயர் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ். 1937-ல் ஜப்பானில் சிகாமா என்ற ஆய்வாளர் இந்த நோயைப் பற்றி எழுதினார். 1951-ல் பிரௌன் என்ற ஆய்வாளர் இந்த உயிரிக்கு இப்போதுள்ள பெயரைச் சூட்டினார்.

நான்கு வேடம்

இந்த ஒட்டுண்ணியை ஒழிப்பது ஏன் கடினம் தெரியுமா? அது நான்கு வேடம் போடுகிறது.

முதல் வேடத்தில் அது மீனின் தோலுக்குள் உட்கார்ந்து தின்கிறது. மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கொழுக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புள்ளி இதுதான்.

வயிறு நிறைந்ததும் மீனை விட்டு இறங்கிவிடுகிறது. இது இரண்டாம் வேடம். இப்போது சில மணி நேரம் மணலிலும் பாறையிலும் ஊர்ந்து, ஒட்டிக்கொள்ள ஓர் இடம் தேடுகிறது.

இடம் கிடைத்ததும் தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொள்கிறது. இது மூன்றாம் வேடம். கூட்டுக்குள் அது இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே போகிறது. ஒரே கூட்டிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வெளிவரக்கூடும். சில கூடுகள் மூன்று நாளில் பொரிந்துவிடும். சில கூடுகளுக்குப் பல வாரம் ஆகும்.

நான்காவது வேடம், வெளிவந்த குஞ்சுகள். இவை நீந்திப்போய் மீனைத் தேடுகின்றன. ஓரிரு நாளுக்குள் மீன் கிடைத்தாகவேண்டும், கிடைக்காவிட்டால் செத்துவிடும்.

இப்போது நீங்களே யோசியுங்கள். முதல் வேடம் முடிந்து ஒட்டுண்ணி இறங்கியதும் மீனின் உடம்பு பளிச்சென்று ஆகிவிடும். “அப்பாடா, சரியாகிவிட்டது!” என்று வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். உண்மையில் அந்த நேரத்தில்தான் அது மணலுக்கடியில் நூற்றுக்கணக்கில் பெருகிக்கொண்டிருக்கிறது. புள்ளி மறைந்தால் நோய் தீர்ந்தது என்று நினைப்பதுதான் தொட்டி வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு கூட்டிலிருந்து வரும் 200 குஞ்சுகளில் பத்துக்கு மட்டும் மீன் கிடைத்தது என்று வையுங்கள். அந்தப் பத்தும் கூடு கட்டினால் அடுத்த சுற்றில் 2,000. அதில் நூறுக்கு மீன் கிடைத்தால் அதற்கடுத்த சுற்றில் 20,000!

கடலில் ஏன் இப்படி நடப்பதில்லை?

கடலிலும் இந்த ஒட்டுண்ணி உண்டு. ஆனால் கடல் பெரிது. மீன் ஓரிடத்தில் நிற்பதில்லை. பொரிந்து வரும் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீன் கிடைப்பதே இல்லை. தொட்டியிலோ மீன் எங்கே ஓடும்?

இதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்குவது பெரும்பாலும் இருட்டில். கூடுகள் பொரிவதும் அதிகமாகப் பின்னிரவிலிருந்து காலைக்குள். மீன்கள் ஒரே இடுக்கில் அசையாமல் தூங்கும் நேரம் அது. இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த சாப்பாடு!

மீன்களை நெருக்கமாக வளர்க்கும் பண்ணைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. துபாய் மீன் கடைகளில் ‘ஹமூர்’ பார்த்திருப்பீர்கள். ஊரில் அதைக் களவா என்போம். களவாப் பண்ணைகளிலும் கொடுவாப் பண்ணைகளிலும் இந்த வெண்புள்ளி நோய் பெரும் நட்டம் உண்டாக்கியிருக்கிறது.

“அப்படியானால் கடலில் நோய் பரவவே பரவாதா?” என்று கேட்பீர்கள். பரவும். இதே வளைகுடாவில், 2001 ஆகஸ்டில், குவைத் விரிகுடாவில் மடவை மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. 2,500 டன்னுக்கும் மேல்! அங்கே கொன்றது வேறு கிருமி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. கடும் வெயிலில் சூடேறிய, காற்றசைவு குறைந்த, கழிவு கலந்த நீர் நோய்க்குத் துணைபோனது என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். நீர் கெட்டால் மீன் தளரும், மீன் தளர்ந்தால் கிருமி வெல்லும். கடலானாலும் தொட்டியானாலும் இது பொருந்தும்.

மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றினால் என்ன?

நல்ல கேள்வி. இந்த நோய்க்குப் பழைய மருந்து செம்பு. ஒரு லிட்டர் நீரில் 0.15 முதல் 0.2 மில்லிகிராம் செம்பு கரைந்திருந்தால், நீந்திவரும் குஞ்சுகள் செத்துவிடும். ஆனால் தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் செம்பு தொடாது. அவை வெளியே வரும்வரை, வாரக்கணக்கில் அதே அளவைக் காத்து நிற்கவேண்டும். கூடினால் மீனுக்கு ஆபத்து, குறைந்தால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செம்பு பவளத்தைக் கொல்லும், நத்தையைக் கொல்லும், இறாலையும் கொல்லும். வேடிக்கை என்னவென்றால், இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அங்கே செம்பு செய்கிறது. அப்படியிருந்தும் நீரில் செம்பு மிகுந்தால் இறால் தாங்காது. போதாததற்குத் தொட்டியில் உள்ள பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் பவளத் தொட்டியில் செம்பு ஊற்றவே கூடாது.

உப்பைக் குறைப்பது இன்னொரு வழி. சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தால் பல மீன்கள் தாங்கிக்கொள்ளும், ஒட்டுண்ணி தாங்காது. ஆனால் பவளமும் தாங்காதே! அதனால் இதையும் தனித்தொட்டியில்தான் செய்யமுடியும்.

மருந்தே இல்லாத வழியும் ஒன்று உண்டு. செங்கடல் ஓரத்தில் ஆய்வு செய்த கொலோர்னி என்பவர் 1987-ல் அதை எழுதினார். மூன்று நாளுக்கு ஒரு முறை மீனை எடுத்து, சுத்தமான புதிய தொட்டிக்கு மாற்றவேண்டும். இப்படி நான்கு முறை. கூடு பொரிய எப்படியும் மூன்று நாளாவது ஆகும் அல்லவா? பொரிவதற்குள் மீன் அடுத்த தொட்டிக்குப் போய்விடுகிறது. பழைய தொட்டியைக் கழுவி, நன்றாகக் காயவைத்தால் கூடுகள் செத்துவிடும்.

பட்டினி போடுவோம்!

மீனுக்கு மருத்துவம் ஆயிற்று. பவளத் தொட்டியின் மணலில் ஒளிந்திருக்கும் கூடுகளை என்ன செய்வது? ஒன்றும் செய்யவேண்டாம். இந்த ஒட்டுண்ணிக்கு மீன்தான் சாப்பாடு. பவளத்தையும் நத்தையையும் இறாலையும் அதனால் தின்னமுடியாது. மீனே இல்லாத தொட்டியில் குஞ்சு பொரிந்தால், ஓரிரு நாள் நீந்திவிட்டுச் சாகவேண்டியதுதான்.

எத்தனை நாள் காத்திருப்பது? பெரும்பாலான கூடுகள் ஒரு மாதத்துக்குள் பொரிந்துவிடும், அதனால் ஆறு வாரம் போதும் என்பவர்கள் உண்டு. ஆனால் ஓர் ஆய்வில் 72-ஆம் நாளில்கூடக் குஞ்சு வெளிவந்தது. அதனால் எச்சரிக்கையானவர்கள் 76 நாள் காலியாக வைக்கிறார்கள். இதில் குறுக்குவழி கிடையாது. “ஒரே ஒரு மீனை மட்டும் விடுவோமே” என்று பாதியில் விட்டால், அதுவரை எண்ணிய நாளெல்லாம் வீண்.

இந்த நாட்களில் தொட்டியைச் சும்மா விட்டுவிடவும் கூடாது. பாறை இடுக்குகளில் நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மீன் இல்லாவிட்டால் அவற்றுக்கு இரை குறையும். பவளத்துக்கும் இறாலுக்கும் போடும் சிறிது உணவு அவற்றையும் காப்பாற்றும். ஆஸ்பத்திரித் தொட்டியில் நிலைமை நேர்மாறு. அங்கே மீன் இருக்கிறது, பாக்டீரியா போதாது. அம்மோனியா ஏறிவிட்டால் நோயில் பிழைத்த மீன் நஞ்சில் சாகும். அதனால்தான் அங்கே அடிக்கடி நீர் மாற்றுகிறார்கள்.

துபாயில் இதில் ஒரு விசித்திரம் உண்டு. இங்கே குழாயில் வரும் நீரே கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிச் செய்ததுதான். தொட்டி வைத்திருப்பவர் அதை வாங்கி, இன்னும் ஒருமுறை வடிகட்டி, மறுபடியும் உப்பைக் கலக்கிறார்! ஏசி ஓடும் வீட்டில் நீர் வேகமாக ஆவியாகும். நீர் போகும், உப்பு தங்கிவிடும். அதனால் தினமும் ஊற்றவேண்டியது உப்பில்லாத நல்ல நீர். கோடையில் ஏசி நின்றால் தொட்டி சூடேறும், மீன் தளரும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள், தொட்டியைத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது இதனால்தான்.

புதிதாக வருபவருக்குத் தனி அறை

இந்தத் தொல்லை முழுவதும் பெரும்பாலும் ஒரே ஒரு புது மீனால் வருகிறது. கடையில் அது நன்றாகவே இருந்திருக்கும். புள்ளிகூடத் தெரிந்திருக்காது. ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். புதுப் பவளமும் நத்தையும்கூடத் தங்கள் ஓட்டில் கூடுகளைச் சுமந்து வரலாம்.

அதனால் புது மீன் வந்தால், குறைந்தது நான்கு வாரமாவது தனித்தொட்டியில் வைத்துப் பார்க்கவேண்டும். புதுப் பவளத்தை மீன் இல்லாத இடத்தில் வைத்துக் காத்திருக்கவேண்டும். ஒரு தொட்டியின் வலையையும் வாளியையும் ஈரத்தோடு அடுத்த தொட்டியில் முக்கக்கூடாது. வேண்டாம் என்று தோன்றினாலும், தொட்டி மீனைக் கொண்டுபோய்க் கடலில் விடவே கூடாது. அதன் நோய் கடல்மீனுக்கும் போய்ச் சேரலாம்.

டோரியோடு சினிமாவில் வந்த நீமோ மீன் வீட்டுக்கு வேண்டும் என்று அப்பாவை நச்சரிக்கிறீர்களா? முதலில் ஒரு சின்னத் தனித்தொட்டிக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கு இடம் இல்லையென்றால் நீமோவை வாங்கவேண்டாம்.